ஒரே ஒரு படம் சொல்லுங்க!

தேனியில் எங்கள் ஆபீசுக்கு எதிரே ஒரு டீக்கடை. காலை பதினொன்று ஆனால் எங்கள் செக்ஷனில் மேசை மேல் மூக்குக்கண்ணாடி இருக்கும். மூக்கு டீக்கடையில் இருக்கும். விலைவாசி, அகவிலைப்படி, மாறுதல் ஆர்டர் என்று எதில் ஆரம்பித்தாலும் இரண்டாவது வாய் டீக்குள் பேச்சு சினிமாவில் வந்து நிற்கும்.

எங்கள் ஊர்க்காரர்களிடம் சினிமா பேசுவது, திருநெல்வேலிக்காரரிடம் அல்வா பற்றிப் பேசுவது மாதிரி. விடமாட்டார்கள். பாரதிராஜாவுக்கு ஊர் அல்லிநகரம், ஆபீசிலிருந்து நடந்தே போய்விடலாம். இளையராஜாவுக்குப் பண்ணைப்புரம், வைரமுத்துவுக்கு வடுகபட்டி. இதெல்லாம் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுக்காமலே எங்களுக்கு மனப்பாடம். அதிலும் பாரதிராஜா சுகாதார இன்ஸ்பெக்டர் வேலையை விட்டுவிட்டு சினிமாவுக்குப் போனவர் என்பதை எங்கள் ஆபீசில் வாரம் ஒரு தடவையாவது யாராவது ஒருவர் பெருமூச்சோடு சொல்வார். சொல்லிவிட்டு, பென்ஷனுக்கு இன்னும் எத்தனை வருஷம் என்று விரல் விட்டு எண்ணுவார்.

2018 பிப்ரவரி. ஸ்ரீதேவி துபாயில் இறந்துபோன செய்தி ஞாயிற்றுக்கிழமை வந்தது. திங்கட்கிழமை டீக்கடையில் எல்லோர் முகத்திலும் சொந்தக்காரர் வீட்டுத் துக்கம்.

"மயிலு போயிருச்சுய்யா..." என்றார் சூப்பிரண்டு சார்.

"மூன்றாம் பிறை பாத்துட்டு ரெண்டு நாள் சோறு எறங்கலை" என்றார் லோயர் கேம்ப் அண்ணன். (அவர் வீடு லோயர் கேம்ப். தினம் கம்பம், சின்னமனூர் எல்லாம் கடந்து பஸ்ஸில் வந்து போகிறவர். அதனால் அவருக்குப் பேச நிறைய விஷயம் சேர்ந்திருக்கும்.)

இரண்டு படத்திலும் கமல், ஸ்ரீதேவி, ரயில்வே ஸ்டேஷன். 1977-ல் வந்த 16 வயதினிலேயில் அவள் ஸ்டேஷனில் அவனுக்காகக் காத்திருக்கிறாள். 1982-ல் வந்த மூன்றாம் பிறையில் அவள் ரயிலேறிப் போய்விட, அவன் பிளாட்பாரத்தில் நிற்கிறான். ஐந்து வருஷத்தில் பழிக்குப் பழி! இதை நான் கண்டுபிடித்துச் சொன்னதும் ஒரு நிமிஷம் எல்லோரும் என்னை மரியாதையாகப் பார்த்தார்கள். அந்த மரியாதை பத்து நிமிஷம்கூட நிலைக்கவில்லை என்பது வேறு கதை.

"அப்ப ஒண்ணு செய்வோம்" என்றார் சூப்பிரண்டு சார். "ஆளுக்கு ஒரே ஒரு படம். வாழ்க்கையில பாத்ததுலயே இதுதான்னு சொல்லணும். ரெண்டு சொல்றவன் எல்லாருக்கும் டீ வாங்கித் தரணும். தப்பா பேசினாலும் டீ."

லண்டனில் ஒரு சினிமா பத்திரிகை இதே வேலையை 1952 முதல் பத்து வருஷத்துக்கு ஒருமுறை செய்து வருகிறது. உலகம் முழுக்க விமர்சகர்களைக் கேட்டு ஓட்டுப் போடச் சொல்வார்கள். முதல் தடவை 'பைசைக்கிள் தீவ்ஸ்' ஜெயித்தது. அதன் பிறகு 1962-லிருந்து 2002 வரை 'சிட்டிசன் கேன்' அசையாமல் உட்கார்ந்திருந்தது. 2012-ல் ஹிட்ச்காக்கின் 'வெர்ட்டிகோ'. 2022-ல் ழான் டீல்மன் என்ற ஒரு பெண்ணைப் பற்றிய பெல்ஜியப் படம் முதலிடம். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும். அந்த அம்மாள் பாத்திரம் கழுவுகிறாள், உருளைக்கிழங்கு உரிக்கிறாள். இதை வீட்டில் சொன்னேன். "அதுக்கு எதுக்கு பெல்ஜியம் போகணும்? நம்ம அடுப்படியில கேமராவை வைக்கச் சொல்லுங்க. வாரம் ஏழு நாளும் ஷூட்டிங் இருக்கு" என்றாள் என் வீட்டுக்காரி. அவள் ஓட்டு எந்தப் படத்துக்கு என்று அதற்குமேல் நான் கேட்கவில்லை.

டீக்கடைக்கு வருவோம். லண்டன்காரர்கள் ஆளுக்குப் பத்துப் படம் சொல்லலாம். எங்களுக்கு ஒன்றே ஒன்று. எது கஷ்டம், நீங்களே சொல்லுங்கள்.

சூப்பிரண்டு சார் கண்ணை மூடிக்கொண்டு 'முதல் மரியாதை' என்றார். 1985. சிவாஜி நடித்தார் என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். நடிக்கவில்லையாம், சும்மா இருந்தாராம். அதுதான் படத்தின் அழகாம். அந்தப் படத்துக்குச் சிறந்த தமிழ்ப் படம் என்ற தேசிய விருது கிடைத்தது, வைரமுத்துவுக்குப் பாட்டுக்காகக் கிடைத்தது. ஆனால் அந்த வருஷம் சிறந்த நடிகர் விருது சசி கபூருக்குப் போனது. முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் சாருக்கு அது ஆறவில்லை. பதவி உயர்வில் தன்னைத் தாண்டிப் போன ஜூனியரைப் பற்றிப் பேசும்போது இருக்கும் அதே குரலில் சசி கபூரைப் பற்றிப் பேசுவார்.

லோயர் கேம்ப் அண்ணனுக்கு 'முள்ளும் மலரும்'. கேரளத்திலிருந்து மலையைக் குடைந்து வருகிற பெரியாற்றுத் தண்ணீரில் கரண்டு எடுக்கும் ஊர் லோயர் கேம்ப். படத்தில் ரஜினி மின் நிலையத்தில் வின்ச் ஓட்டுகிற காளி. "எங்க ஊர்லயும் ஒரு காளி இருந்தான்யா. எஞ்சினியர் பேச்சை ஒருநாளும் கேட்டதில்லை. தங்கச்சின்னா உசிரு" என்றார். யார் அந்தக் காளி என்று கேட்டதற்கு டீயைப் பார்த்துக் குனிந்துகொண்டார். அவருடைய அண்ணன் என்று பிற்பாடு தெரிந்தது.

அடுத்து டேட்டா என்ட்ரி தம்பி. வயசு இருபத்து மூணு. "பாகுபலி" என்றான்.

"டேய், காலத்தால அழியாத படத்தைக் கேட்டா போன வருஷம் வந்ததைச் சொல்றியே!"

"சார், உங்களுக்கெல்லாம் பதினஞ்சு வயசுல பாத்ததுதான் உலகத்துலயே நல்ல படம். எனக்கு முப்பது வருஷம் டைம் குடுங்க, இதே பாகுபலியை இதே மாதிரி கண்ணை மூடிக்கிட்டுச் சொல்றேன்" என்றான். யாரும் பதில் சொல்லவில்லை. வடையைத் தின்றோம்.

என் முறை. நான் எழுந்து நின்றேன் என்றே ஞாபகம். "16 வயதினிலே!" என்றேன். "அதுவரைக்கும் கிராமம்னா ஸ்டுடியோவுல அட்டையில வரைஞ்சது. முதமுதல்ல நம்ம மண்ணை, நம்ம புழுதியைக் காட்டினவர் நம்மாளு. கடைசியில மயிலு நிக்கிற ஸ்டேஷன் எது தெரியுமா? உசிலம்பட்டி! நம்ம மதுரை-போடி லைன்!"

சின்ன வயதில் டூரிங் கொட்டகையில், தரை டிக்கெட்டில் மணலைக் குவித்து உயரமாக்கி உட்கார்ந்து பார்த்த படம். அது உசிலம்பட்டி ஸ்டேஷன் என்று எனக்குச் சொன்னவர் என் தாய்மாமன். அவர் சொன்ன பல விஷயங்களைப் பிற்காலத்தில் சந்தேகப்பட்டிருக்கிறேன். இதை மட்டும் சந்தேகப்படவே இல்லை.

தம்பி செல்போனைத் தடவினான். "அண்ணே... படம் கர்நாடகாவுல எடுத்திருக்காங்க. கொள்ளேகால் பக்கம்னு போட்டிருக்கு."

கடையில் சிரிப்பு அடங்க வெகு நேரம் ஆயிற்று. என் மண், என் புழுதி, என் உசிலம்பட்டி எல்லாம் ஒரே விரல் தடவலில் எல்லை தாண்டிப் போய்விட்டது. ஆறு டீ, நாலு வடை. கணக்கு என் பேரில்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் யோசித்தேன். நம்ம ஊர் என்று நான் நம்பியது அந்தப் பேச்சைக் கேட்டுத்தானே? சப்பாணி இழுத்து இழுத்துப் பேசுவதும், குருவம்மா வாயைத் திறந்தால் வருகிற வசவும் எங்கள் தெருப் பேச்சு. காது சொன்னதைக் கண் நம்பியிருக்கிறது. இருந்தாலும் தோற்றது தோற்றதுதான்.

அதே வருஷம் ஆகஸ்டில் 'மேற்குத் தொடர்ச்சி மலை' வந்தது. லெனின் பாரதி எடுத்தது. தேவாரம், கோம்பை ஓரமாக அடிவாரத்திலிருந்து மலையேறி ஏலத் தோட்டத்துக்குப் போய் வருகிறவர்களின் கதை. இந்தத் தடவை நிஜமாகவே எங்கள் மலை. அப்பாவைக் கூட்டிக்கொண்டு போவது என்று முடிவு செய்தேன்.

அப்பாவைப் பற்றி இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அவர் எம்.ஜி.ஆர். கட்சி. அரசியலில் மட்டுமல்ல, சினிமாவிலும் அதற்குப் பிறகு அவருக்கு எதுவும் நடக்கவில்லை. 1965-ல் வந்த 'எங்க வீட்டுப் பிள்ளை'யை எத்தனை தடவை பார்த்தார் என்று அவருக்கே கணக்கில்லை. பாரதிராஜா படத்துக்கெல்லாம் வரமாட்டார். "கோவணத்தையும் புழுதியையும் தினம் பாக்குறேன். அதுக்குக் காசு வேற குடுக்கணுமா?" என்பார்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், முதல் அரியர்ஸ் பணத்தில் வீட்டுக்கு டிவி வாங்கினேன். ஒரு நாள் அதில் 'எங்க வீட்டுப் பிள்ளை' போட்டார்கள். எம்.ஜி.ஆர். சாட்டையைச் சுழற்றுகிற கட்டம். அப்பா முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஆபீஸ்காரன், நாலு எழுத்துப் படித்தவன், மகேந்திரன், பாலு மகேந்திரா என்று பேசக் கற்றவன். "இதெல்லாம் ஒரு படமாப்பா? நாலு சாட்டையடி குடுத்தா அநியாயம் ஒழிஞ்சுருமா?" என்று கேட்டுவிட்டு, எழுந்து போய் சேனலை மாற்றினேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டார். அதன் பிறகு எம்.ஜி.ஆர். படம் என்றால் தேவாரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் டீக்கடை டிவியில் போய் நின்றுகொண்டு பார்ப்பார். வீட்டில் பார்க்கவில்லை. இருபது வருஷத்துக்கு மேல்.

அப்படிப்பட்டவர் நான் கூப்பிட்டதும் வந்ததே ஆச்சரியம். "மலையைக் காட்டுறாய்ங்கன்னு சொன்னாக" என்று மட்டும் சொன்னார். எழுபத்து மூணு வயசு. தேனிக்கு வந்து, தியேட்டரில் ஏ.சி. குளிருக்குத் துண்டால் காதைச் சுற்றிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

படம் ஓடுகிறது. அவர் அசையவில்லை. தூங்கிவிட்டாரோ என்று இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன். ஒரு கட்டத்தில் ஏலக்காய் மூட்டை கைதவறிப் பள்ளத்தில் போய்விடும். "அய்யோ, போச்சே!" என்று சத்தம் போட்டு எழுந்து நின்றுவிட்டார். பின்னால் இருந்தவர், "பெருசு, உக்காருங்க" என்றார். உட்கார்ந்தார். என் கையைப் பிடித்திருந்தார். அவர் என் கையைப் பிடித்து எத்தனை வருஷம் ஆகியிருந்தது என்று எனக்கு நினைவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது, போடி தாண்டிய பிறகுதான் பேசினார்.

"நானும் தூக்குனேன்யா."

"என்னப்பா?"

"சொமை. சாக்குலூத்து மெட்டு வழியா. ஒங்க ஆத்தாளைக் கட்டுறதுக்கு முன்னாடி. வெள்ளன இருட்டுல ஏறுனா பொழுது சாயத்தான் எறக்கம். ஒரு தடவை மழையில காலு வழுக்கி ஒரு மூட்டை உருண்டு போச்சு. மொதலாளி விடலை. ரெண்டு வருசம் கூலியில புடிச்சான். அடிக்கவும் செஞ்சான். நாலு பேரு பாக்க."

எனக்குத் தெரியாது. என் அம்மாவுக்குத் தெரிந்திருக்குமா என்பதும் தெரியாது. எங்களுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்பா ஊரிலேயே தென்னந்தோப்பு, கிணறு என்று வேலை பார்த்தவர்.

"அந்த வருசம்தான் போடியில எங்க வீட்டுப் பிள்ளை ஓடுச்சு. கூலியில மிச்சமிருந்தது டிக்கெட்டுக்குத்தான் சரியா இருந்துச்சு. சாட்டையை எடுத்தாருல்ல... எனக்கு அவரு நம்பியாரை அடிக்கலை." நிறுத்தினார். "வேற ஆளை அடிச்சாரு. எனக்கு மட்டும் தெரியும், யாருன்னு."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் சேனலை மாற்றியதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நானாவது பேசியிருக்கலாம். பண்ணைக்காட்டு இருட்டில் மலை கருப்பாகக் கூடவே வந்தது. ரொம்ப நேரம் கழித்து, வேறு வழியில்லாமல், "இன்னைக்குப் பாத்த படம் எப்படிப்பா?" என்று கேட்டேன்.

"நல்லாத்தான் எடுத்திருக்கான். பொய்யி இல்லை. அந்தப் பயலைக் கடைசியில அவன் நெலத்துலயே காவக்காரனா உக்கார வச்சுட்டாய்ங்களே... அதுவும் நெசந்தான்." கொஞ்சம் யோசித்தார். "ஆனா ரெண்டாந்தடவை வரமாட்டேன். படம்னா எம்ஜியாரு படந்தான்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு சேனலில் 'எங்க வீட்டுப் பிள்ளை' இருந்தது. சும்மா இருந்த ரிமோட்டை எடுத்து நானே போட்டேன். அப்பா வாசற்படியில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உள்ளே வந்து, பழைய இடத்திலேயே, டிவிக்கு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். சாட்டைக் கட்டத்தில் நான் டிவியைப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை பதினொரு மணி. டீக்கடையில் 'மேற்குத் தொடர்ச்சி மலை' பற்றிப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. சூப்பிரண்டு சார் என்னைப் பார்த்து, "என்னய்யா, உசிலம்பட்டி! இப்பவாவது மாத்திச் சொல்றியா, இல்லை அதே கொள்ளேகால்தானா?" என்றார்.

"மாத்திக்கிறேன் சார். எங்க வீட்டுப் பிள்ளை."

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். "நீ பாலு மகேந்திரா கட்சியாச்சே!" என்றார் லோயர் கேம்ப் அண்ணன்.

தம்பி செல்போனை எடுத்தான். "அண்ணே, அது எங்க எடுத்ததுன்னு பாக்கட்டுமா?"

"நல்லாப் பாரு. மெட்ராஸ். ஸ்டுடியோ. முழுக்க செட்டு" என்றேன். டீக்காசை அன்றைக்கும் நானேதான் கொடுத்தேன்.