வாலின் ஓசை

கண்ணாடிப் பெட்டியிலே பிறந்து வளர்ந்த சோளப்பாம்பு ஒன்று, தன்னை எடுக்க நீளும் கையைக் கண்டதும் உடலை வளைத்துத் தலையை உயர்த்தி, வால்நுனியை விரைந்து அதிர்விக்கின்றது. அடியில் விரித்த பழைய பத்திரிகைத் தாளில் வால் படுந்தோறும் சடசடவென ஒலி எழுகின்றது. ஐக்கிய அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதிக்குரிய இப்பாம்பு நஞ்சற்றது. செல்லப் பிராணியாகப் பெரிதும் வளர்க்கப்படுவது. புதிதாக வளர்ப்போர் இவ்வொலியைச் சினமெனக் கொள்வதுண்டு. சினமன்று, அச்சமே அது. மென்மையாகக் கையாளப்பட்டுப் பழகியபின் பல பாம்புகள் வாலை அதிர்விப்பதில்லை.

அதன் மூதாதையர் வாழ்ந்த காடுகளிலே நஞ்சுள்ள கிலுகிலுப்பைப் பாம்பும் வாழ்கின்றது. மனித நகத்திலுள்ள கெரற்றின் என்னும் புரதத்தாலான வளையங்கள் அதன் வால்நுனியில் தளர்வாகக் கோக்கப்பட்டுள்ளன. சட்டை கழற்றுந்தோறும் புதியதொன்று சேரும். நஞ்சற்றது நஞ்சுள்ளதைப் போலச் செய்து பகையை ஏய்க்கிறது என்ற விளக்கம் இதனாலேயே எழுந்தது. அவ்விளக்கத்தை அடியோடு தள்ளுவதற்கில்லை. கலிபோர்னியக் கரைக்கப்பாலுள்ள, கிலுகிலுப்பைப் பாம்பற்ற தீவுகளில் வாழும் கோபர் பாம்புகளிடம் இவ்வழக்கம் தளர்ந்து வருவதற்கான அறிகுறிகளை 2021 இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று.

எனினும், கிலுகிலுப்பைப் பாம்பு அமெரிக்கக் கண்டங்களுக்கு அப்பால் எங்குமில்லை. வாலை அதிர்விக்கும் பாம்புகளோ ஆசியாவிலும் உள. அவை யாரைப் பார்த்துப் பழகின? ஆர்ஜென்ரீனாவின் பாகியா பிளாங்காவிலே, கிலுகிலுப்பையற்ற நச்சுப் பாம்பொன்று வால்நுனியை உலர்ந்த புல்லில் அடித்து ஒலியெழுப்பியதை டார்வின் கண்டார். 2016 இல் வட கரோலைனாப் பல்கலைக்கழக ஆய்வாளர் 56 இனங்களைச் சேர்ந்த 155 பாம்புகளை அச்சுறுத்திப் படம்பிடித்தனர். கிலுகிலுப்பைப் பாம்புக்கு உறவில் நெருங்கிய இனங்களின் வாலதிர்வு, வேகத்திலும் நீட்சியிலும் அதனதையே ஒத்திருந்தது. வாலதிர்வு முந்தியது, கிலுகிலுப்பை பிந்தியது என்ற கருத்துக்கு இது வலுவூட்டுகின்றது. சருகிலே தட்டி ஒலியெழுப்பிய வாலில், கூர்ப்பின் போக்கிற் கருவி பின்னர் முளைத்தது போலும். அவ்வாறாயின் ‘போலி’ என்னும் பெயர் சோளப்பாம்புக்குப் பாதியளவே பொருந்தும். பொய்யென்று பழிக்கப்படும் செயல் கருவியினும் தொன்மையானது.

வேட்டை விலங்கைத் தயங்கச் செய்யும் இவ்வோசை மனிதனிடம் எதிர்விளைவையே தருகின்றது. மேற்கு அமெரிக்காவிலே, எலிகளை உண்டு உழவர்க்கு உதவும் கோபர் பாம்புகள் கிலுகிலுப்பைப் பாம்பெனக் கருதப்பட்டு அடிபட்டு மாள்கின்றன. வேற்றுமை கண்ணுக்குத் தெரியாததன்று: கிலுகிலுப்பைப் பாம்பு வாலை நிமிர்த்தியே ஒலிக்கும், கோபர் பாம்பின் வாலுக்குச் சருகோ புல்லோ வேண்டும். மண்வெட்டியை ஓங்கியவன் வால்நுனியைப் பார்ப்பதில்லை.