பெயர்ப்பலகை விளையாட்டு

1983 ஆடி மாதம். மழை விட்டபாடில்லை. எனக்கு ஒன்பது வயது. மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு மிளகு வியாபாரியிடம் அப்பா கணக்கப்பிள்ளை. பள்ளிக்கூடம் விட்டதும் நேரே பண்டகசாலைக்கு ஓடிவிடுவேன். ஈரம் ஏறினால் பூசணம் பிடிக்கும் என்று மிளகு மூட்டைகளைப் பலகைமேல் அடுக்கியிருப்பார்கள். மிளகும் சுக்கும் நனைந்த சாக்கும் கலந்த அந்த நெடி சட்டையோடு வீட்டுக்கு வரும்; அம்மா மூக்கைச் சுளிப்பாள்.

திரும்பும் வழியில் எங்களுக்கு ஒரு விளையாட்டு. பெயர்ப்பலகையைப் பார்த்து அது யார் கடை என்று நான் சொல்ல வேண்டும். குஜராத்தி சேட்டு, கொங்கணி, கச்சி மேமன், ஜூ டவுன் பக்கம் திரும்பினால் யூதர். அங்கே மிளகு எக்ஸ்சேஞ்சில் தரகர்கள் கூவி விலை பேசும் சத்தம் தெருவரை கேட்கும். சரியாகச் சொன்னால் ஒரு கடலை மிட்டாய். நான் தோற்றதாக நினைவில்லை, அப்பாதான் விட்டுக்கொடுத்திருப்பார்.

பெரியப்பாவுக்குக் கொழும்பு புறக்கோட்டையில் பலசரக்குக் கடை. தலைமன்னாரிலிருந்து கப்பலேறி ராமேசுவரம் வழியாக வருவார். பெட்டியைத் திறந்தால் ராணி சந்தன சோப்பு மணக்கும்.

ஜூலை 23 இரவு யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் புலிகளின் தாக்குதலில் 13 சிப்பாய்கள் செத்தார்கள். அதற்குப் பழி என்று மறுநாள் இரவு கொழும்பு பொரளையில் தமிழர் வீடுகளுக்கும் கடைகளுக்கும் மூட்டிய தீ, 25ஆம் தேதி புறக்கோட்டைக்கு வந்துவிட்டது. அப்பா ரேடியோவை விட்டு நகரவில்லை. டிரங்க் கால் கிடைக்கவில்லை. 28ஆம் தேதி ஜனாதிபதி ஜெயவர்தனா நாட்டு மக்களிடம் பேசினார். செத்த தமிழருக்காக ஒரு சொல் இல்லை. ஆகஸ்ட் 2 அன்று தமிழ்நாடு முழுக்கக் கடையடைப்பு. மட்டாஞ்சேரியில் கடைகள் திறந்தே இருந்தன. அப்பா மட்டும் வேலைக்குப் போகவில்லை.

ஆவணி பிறந்த பிறகுதான் பெரியப்பா வந்து சேர்ந்தார். தொளதொளவென்று ஒரு சட்டை. ஒளித்துவைத்துக் காப்பாற்றிய சிங்களப் பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்ததாம். கைப்பெட்டிகூட இல்லை. சோப்பு எங்கே என்று கேட்க வாயெடுத்தேன். அம்மா தொடையில் கிள்ளினாள்.

இரவு திண்ணையில் அவர் சொல்லச் சொல்ல அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். வந்தவர்கள் கையில் வாக்காளர் பட்டியல் இருந்ததாம். பெயரைப் படித்து, இலக்கத்தை ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் கதவை உடைத்தார்களாம். பட்டாளம் லாரியில் நின்று வேடிக்கை பார்த்ததாம். அடுத்த கடை சிங்களவருடையது என்பதால், தீ அங்கே தாவாமலிருக்க எரித்தவர்களே வாளியில் தண்ணீர் இறைத்தார்களாம்.

“பட்டியல் வச்சுக்கிட்டா வந்தான்?” அப்பா இதையே மூன்று தடவை கேட்டார். எரித்ததைவிட அதுதான் அவருக்கு விளங்கவில்லை. பட்டியல் போடுவது அவர் தொழில்.

அந்த வாரம் நானும் ஒன்று போட்டிருந்தேன். அப்பாவின் பேரேடு மாதிரியே கோடு கிழித்து, வரிசை எண், கடை, யாருடையது என்று பஜார் ரோடு முழுவதையும் ஏற்றியிருந்தேன். நாற்பத்தொரு கடை. மிட்டாய் கிடைக்கும் என்று பெருமையாக நீட்டினேன்.

“யாருக்குடா இதை எழுதினே?”

அடித்த தாளின் பின்பக்கத்தைக்கூடக் கூட்டல் போட எடுத்துவைக்கும் மனுஷன், பக்கத்தைக் கிழித்தார். இறவாணத்திலிருந்து ஒழுகிய மழைநீரில் பிடித்து, எழுத்து கரையும்வரை கசக்கிக்கொண்டே நின்றார். விரலெல்லாம் நீலம்.