ஹாஃப் கிளட்ச்

போன வாரம் மகள் வயிற்றுப் பேரன் ஊரிலிருந்து வந்திருந்தான். பதினெட்டு வயது முடிந்து எல்.எல்.ஆர். எடுத்துவிட்டான். "தாத்தா, எனக்கு கார் ஓட்டக் கத்துக் கொடுங்க" என்றான். "பாட்டியைக் கேளு. இந்த வீட்டுல என்னைவிட அவங்கதான் நல்லா ஓட்டுவாங்க" என்றேன். நான் கேலி செய்வதாக நினைத்துச் சிரித்தான். கேலி இல்லை. அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. எனக்குப் பெருமை தரும் கதை அல்ல. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

1998-ஆம் வருஷம். எனக்கு வயது 46. திருச்சி உறையூரில் குடியிருந்தோம். நான் வேலை பார்த்த வங்கியில் வாகனக் கடன் கொடுத்தார்கள். வெள்ளை நிற மாருதி 800 ஒன்று, 1994 மாடல், செகண்ட் ஹேண்டில் கிடைத்தது. வாங்கி வாசலில் நிறுத்தியாயிற்று. ஓட்டத்தான் வீட்டில் யாருக்கும் தெரியாது.

டிரைவிங் ஸ்கூலில் சேரப் புறப்பட்டபோது என் மனைவி, "நானும் கத்துக்கறேனே" என்றாள். அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தாள், அப்போது வயது 38. இரண்டு பேராகச் சேர்ந்தால் கட்டணத்தில் கொஞ்சம் குறைப்பதாகச் சொன்னார்கள். நான் சம்மதித்ததற்கு அதுதான் முக்கியக் காரணம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஸ்கூல் வண்டி ஒரு பழைய அம்பாசடர். ஸ்டீயரிங்கை ஒட்டி ஹேண்ட் கியர். கிளட்ச்சை மிதிக்க மாவு மில் பெல்ட்டை இழுக்கிற பலம் வேண்டும். சொல்லிக் கொடுத்தவருக்கு அறுபது வயதிருக்கும். லாரி ஓட்டிப் பழகியவர். எல்லோருக்கும் அவர் 'மாஸ்டர்'. அவர் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. நாங்கள் தப்புச் செய்தால் அவர் மிதித்து வண்டியைக் காப்பாற்றுவார்.

முதல் நாள் வண்டியை எடுக்கவே விடவில்லை. "வலது பக்கத்திலேருந்து ஏ, பி, சி. ஆக்சிலேட்டர், பிரேக், கிளட்ச். முதல் ரெண்டும் வலது காலுக்கு. கிளட்ச் மட்டும் இடது காலுக்கு" என்றார். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் எதிரெதிராக வைத்துக் காட்டினார்.

"இது இன்ஜின். எப்பவும் சுத்திக்கிட்டே இருக்கும். இது சக்கரத்துக்குப் போற பக்கம். சும்மா நிக்குது. ஓடறவனையும் நிக்கறவனையும் படார்னு சேர்த்தா என்ன ஆகும்? ரெண்டு பேரும் விழுவாங்க. வண்டி குலுங்கி ஆஃப் ஆயிடும். மெதுவா உரசவிட்டுச் சேர்த்தா, இவன் வேகம் அவனுக்கு வரும். அந்த உரசற இடம்தான் ஹாஃப் கிளட்ச். அதைக் கண்ணால பாக்க முடியாது. காலால கேக்கணும்."

என் மனைவிக்கு அது மூன்றாம் நாளே கேட்டுவிட்டது. எனக்குப் பத்து நாளாகியும் கேட்கவில்லை. கிளட்ச்சை விடும்போது கால் நடுங்கும், வண்டி இரண்டு குதி குதித்து நின்றுவிடும். அவள் எடுக்கும்போது வண்டி நகர்ந்ததே தெரியாது. "டீச்சரம்மாவுக்குத் தையல் மெஷின் மிதிச்ச காலு சார், அதான்" என்று மாஸ்டர் எனக்கு ஆறுதல் சொல்வார். அந்த ஆறுதல் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

எல்.எல்.ஆர். வாங்கி முப்பது நாள் கழிந்ததும் டெஸ்ட். பிரேக் இன்ஸ்பெக்டர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஓட்டச் சொன்னார். அவள் போனாள், நிறுத்தினாள், ரிவர்ஸ் எடுத்தாள், இறங்கி வந்துவிட்டாள். நான் சின்ன ஏற்றத்தில் வண்டியை ஆஃப் செய்தேன். மறுபடி ஸ்டார்ட் செய்யும்போது பதற்றத்தில் ஹேண்ட் பிரேக் போடவில்லை. வண்டி பின்னால் உருண்டது. "இன்னும் கொஞ்சம் பழகிட்டு வாங்க சார்" என்று சொல்லிவிட்டார். இரண்டாவது தடவைதான் எனக்கு லைசென்ஸ் கிடைத்தது.

வங்கியில் இது எப்படியோ பரவிவிட்டது. "இனிமே வீட்டுல டிரைவர் யாரு, மேடமா?" என்று கேட்டார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். ஆனால் உள்ளே தைத்துவிட்டது.

அதன் பிறகு நான் செய்ததுதான் சொல்ல வேண்டிய விஷயம். அவளை ஓட்டக்கூடாது என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. சாவியை மட்டும் என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் கேட்டால், "இன்னிக்கு டிராஃபிக் ஜாஸ்தி", "பெட்ரோல் கம்மியா இருக்கு", "அடுத்த வாரம் பாக்கலாம்" என்பேன். ஒரு நாள் நான் குளிக்கும்போது அவளே வண்டியை வெளியே எடுத்தாள். கேட்டில் லேசாக உரசி, கதவில் ஒரு கீறல் விழுந்தது. நான் திட்டவில்லை. வருகிறவர்களிடமெல்லாம் அந்தக் கீறலைக் காட்டி, "எங்க வீட்டு டீச்சரம்மா கையெழுத்து" என்று சொல்லிச் சிரித்தேன். அதற்குப் பிறகு அவள் சாவி கேட்கவே இல்லை. பள்ளிக்கு டவுன் பஸ்ஸிலேயே போய் வந்தாள்.

2009-இல் எனக்கு வலது கண்ணில் புரை நீக்கும் அறுவை சிகிச்சை நடந்தது. கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பி, மறுநாள் காலை வந்து கட்டைப் பிரித்துக்கொள்ளச் சொன்னார்கள். வருவதாகச் சொன்ன ஆட்டோக்காரர் எட்டரை மணிக்குப் போன் செய்து, வண்டி பஞ்சர் என்றார். "வேற ஆட்டோ பிடிக்கலாம்" என்று நான் சொல்லி முடிப்பதற்குள், ஹேங்கரில் தொங்கிய என் சட்டையிலிருந்து அவள் சாவியை எடுத்துவிட்டாள். "என் லைசென்ஸ் முடிய இன்னும் ஒரு வருஷம் இருக்கு" என்றாள். அது எப்போது முடியும் என்பது எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்திருந்தது.

சாலை ரோடு வரைக்கும் மெதுவாக, சரியாகத்தான் போனாள். மாரிஸ் தியேட்டர் பக்கத்து மேம்பாலத்தைத் திருச்சிக்காரர்கள் அறிவார்கள். கோட்டை ஸ்டேஷன் தண்டவாளத்துக்கு மேலே அப்போது இருந்தது, அந்தக் காலத்துக் குறுகலான பாலம். பாதி ஏற்றத்தில் முன்னால் போன டவுன் பஸ் நின்றுவிட்டது. பின்னால் ஆட்டோக்கள், ஸ்கூட்டர்கள், எல்லோருக்கும் ஆபீஸ் நேரம். பஸ் நகர்ந்ததும் அவள் எடுத்தாள். வண்டி குலுங்கி ஆஃப் ஆனது. இரண்டாம் முறை எடுத்தபோது பின்னால் அரையடி உருண்டது. ஒரே ஹாரன் சத்தம். எனக்கோ ஒரு கண்ணில் கட்டு, காலடியில் மாஸ்டர் மாதிரி பிரேக்கும் கிடையாது. பயத்தில் கத்தினேன்.

"கிளட்ச்சைப் படார்னு விடாதேன்னு எத்தனை தடவை சொல்றது!"

அவள் ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் போட்டாள். கையை ஸ்டீயரிங்கிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"எத்தனை தடவை சொன்னீங்க? ஒரு தடவைகூடச் சொல்லலையே. பதினோரு வருஷமா சாவி உங்க பையிலதானே இருந்துச்சு."

நான் பதில் சொல்லவில்லை. சொல்ல என்ன இருந்தது?

பின்னால் நின்ற ஆட்டோக்காரர் இறங்கி வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் ஓரத்தில் கிடந்த கல் ஒன்றை எடுத்துப் பின் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தார். ஜன்னலருகே வந்து, "அம்மா, ஹாரனைக் காதுல வாங்காதீங்க. ஃபர்ஸ்ட் கியர் போட்டு, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் குடுத்துக்கிட்டே கிளட்ச்சை மெதுவா விடுங்க. வண்டி லேசா அதிர்ந்து, இழுக்கப் பாக்கும். அங்கேயே காலை நிறுத்திட்டு ஹேண்ட் பிரேக்கை எடுங்க. பின்னாடி போகாது" என்றார்.

மாஸ்டர் சொன்ன அதே பாடம். பதினோரு வருஷத்தில் நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லியிருக்க வேண்டியதை, முன்பின் தெரியாத ஒருவர் அரை நிமிஷத்தில் சொன்னார். அவள் அப்படியே செய்தாள். வண்டி அதிர்ந்தது, நின்றது, பிறகு குலுங்காமல் ஏறியது. ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை இருவரும் பேசவில்லை.

கண் சரியான பிறகு வந்த முதல் ஞாயிறு, விடியற்காலையில் சாவியை அவள் கையில் கொடுத்தேன். மன்னிப்பு என்று வாயால் கேட்கவில்லை. எங்கள் தலைமுறை ஆண்களுக்கு அது வராது. "ஜி கார்னர் கிரவுண்டுக்குப் போலாமா?" என்று மட்டும் கேட்டேன். பொன்மலையில் அந்த மைதானத்தில் இரண்டு மாதம் ஒவ்வொரு ஞாயிறும் சுற்றினோம். நான் சொல்லிக் கொடுத்தேன் என்று சொல்ல முடியாது. பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். அதுவே எனக்குப் பெரிய பயிற்சி. அடுத்த வருஷம் அவள் லைசென்ஸைப் புதுப்பித்தாள். பணி ஓய்வு பெறும்வரை பள்ளிக்குக் காரிலேயே போய் வந்தாள். இப்போது எனக்கு இடது முழங்கால் சரியில்லை. ஐந்தாறு தடவை கிளட்ச் மிதித்தால் வீங்கிக்கொள்கிறது. அதனால் எங்கே போனாலும் அவள்தான் ஓட்டுகிறாள்.

இந்தப் பதிவைப் படிக்கும் என் வயதுக்காரர்களில் சிலர் வீட்டிலும் பீரோவுக்குள் ஒரு லைசென்ஸ் தூங்கிக்கொண்டிருக்கலாம். தேதி முடிந்துவிட்டதா என்று ஒரு முறை எடுத்துப் பாருங்கள். அவசரத்துக்கு உதவும் என்பதற்காகச் சொல்லவில்லை. அவர்கள் ஆசைப்பட்டுக் கற்றுக்கொண்டது அது.

போன ஞாயிறு பேரனை அதே மைதானத்துக்குக் கூட்டிப் போனோம். பாட்டி முன் சீட்டில், நான் பின்னால். முதல் தடவை வண்டி குதித்து நின்றது. அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "தாத்தாவைப் பாக்காதே, காலால கேளு" என்றாள் அவள். நான் ஒன்றும் பேசவில்லை. ஆனால் அவன் கியர் மாற்றும்போதெல்லாம், பின் சீட்டில் என் இடது கால் மட்டும் தானாகத் தரையை மிதித்துக்கொண்டிருந்தது.