திங்கள்கிழமை பஸ்ஸில் போன மகள்

ஞாயிறு காலை. மகள் கல்லூரிக்கு ஓட்டும் ஏ.பி.எஸ் பைக்கின் பிரேக் ஆயிலை மாற்ற வீட்டு வாசலில் உட்கார்ந்தார் அப்பா. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது; மூன்று வருடம் ஓடிவிட்டது. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 4 ஆயில் 230 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும்; ஈரம் ஏறினால் 155-லேயே கொதிக்கலாம். கொதித்துக் குமிழ் விட்டால் பிரேக் பிடிக்காது.

மகள் லீவரை அழுத்திப் பிடிக்க, சக்கரத்துக்குப் பக்கத்திலிருக்கும் நிப்பிளைத் திறந்து மூடினார். டீ நிறத்தில் பழைய ஆயில் டியூபில் இறங்கியது. நடுவில் போன் வந்தது. தோளில் இடுக்கிப் பேசியபடியே வேலையைத் தொடர்ந்தார்.

“அப்பா, லீவர் புசுக்குன்னு உள்ளே போகுது!”

மேலே ஆயில் கப் காலி. காற்று புகுந்துவிட்டது. ஏ.பி.எஸ் யூனிட்டுக்குள் காற்று சிக்கினால் லேசில் வெளியேறாது. பல வண்டிகளில் ஸ்கேனர் மாட்டித்தான் எடுக்க வேண்டும்.

முப்பது வருடமாக வீட்டு வண்டிகளுக்கு அவர்தான் மெக்கானிக். கொஞ்ச நேரம் பேசவில்லை.

“மெதுவா ஓட்டிப் பார்க்கட்டுமாப்பா?”

“வேணாம்மா. அப்பா தப்பு பண்ணிட்டேன்.”

சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டார். மறுநாள் பைக் குட்டியானையில் ஏறி மெக்கானிக்கிடம் போனது. மகள் பஸ்ஸில் போனாள். ஸ்டாப் வரை அப்பாவும் கூடவே நடந்தார்.