கப்பலுக்கும் விமானத்துக்கும் நடுவே ஒரு பகல்

நெடும்பயணம் மேற்கொள்வோர் புறப்படும் நாளைக் குறித்து வைக்கின்றனர். வீடு திரும்பும் நாளையும் குறித்து வைக்கின்றனர். இவ்விரண்டிலும் சேராத நாள் ஒன்று உண்டு. கப்பலை விட்டு இறங்கியாயிற்று. ஊருக்கு அழைத்துச் செல்லும் விமானமோ நள்ளிரவுக்குப் பின்னரே. இடையில் கிடக்கும் அந்தப் பகலை என் செய்வது? பெட்டிகளுக்குக் காவலாக விடுதி அறையில் உறங்கிக் கழிப்போர் பலர். கடைத்தெருவில் அலைந்து கழிப்போர் அவரினும் பலர். அந்தப் பகலைத் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் கொடுத்த ஒரு குடும்பத்தாருடன் செல்லும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. நம் குடும்பங்களுக்குப் பயன்படும் என்று கருதி அதனை இங்கே எழுதுகின்றோம்.

கடல்வழியாக வந்தோர்

சென்னைத் துறைமுகத்துக்குப் பயணிகள் கப்பல் புதிதன்று. 1926இல் கட்டப்பட்ட 'ரஜூலா', ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என நம் மக்களைச் சுமந்து திரிந்தது. அதன்பின் 'எம்.வி. சிதம்பரம்' அவ்வழியே சென்று வந்தது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் அதில் தீப்பற்றிப் பலர் உயிரிழந்ததோடு அந்தக் காலம் முடிவுற்றது. அக்கப்பல்களில் ஏறியவர்கள் பிழைப்புத் தேடி ஏறியவர்கள். தகரப் பெட்டியோடும் கண்ணீரோடும் ஏறியவர்கள்.

இன்றைய சுற்றுலாக் கப்பல் வேறு வகையினது. 2022 ஜூன் மாதத்தில் சென்னையிலிருந்து அத்தகைய சொகுசுக் கப்பல் புறப்பட்டது. 2023 ஜூன் முதல் அது அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை முதலிய இலங்கைத் துறைகளுக்கும் சென்று வரலாயிற்று. அதில் ஏறுவோர் எங்கும் குடியேறச் செல்வதில்லை. சில நாள் கடலில் உலவிவிட்டு ஏறிய இடத்திலேயே வந்து இறங்குகின்றனர். மாலையில் புதிய பயணிகள் ஏற வேண்டியிருப்பதால், பழையவர்களைக் காலையிலேயே இறக்கிவிடுவது இக்கப்பல்களின் வழக்கம். ஐரோப்பா செல்லும் விமானங்களோ பெரும்பாலும் பின்னிரவில் புறப்படுவன. இவ்வாறுதான் அந்த நடுப்பகல் உண்டாகின்றது.

நாம் கூறும் குடும்பத்தார் பிரான்சு நாட்டில் வாழ்பவர்கள். 1962 ஆகஸ்ட் 16ஆம் நாள் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்டோர் பலர் என்பதை வாசகர் அறிவர். அவ்வாறு தேர்ந்த ஒருவரை மணந்து கடல் கடந்தவர் அந்தக் குடும்பத்தின் தாயார். பிறந்த ஊர் விழுப்புரம். வயது எண்பதை நெருங்குகின்றது. இரு மகன்களுடனும் செவிலியர் பயிற்சி பெறும் பேத்தியுடனும் 2023 ஆகஸ்டில் வந்திருந்தார். புதுவையில் உறவினர் வீடுகள், வேளாங்கண்ணித் திருத்தலம், பிறகு மகன்களின் ஆசைக்காகக் கப்பல் உலா என்று மூன்று வாரங்கள் கழிந்தன. ஓர் இடத்துக்கு மட்டும் போகவில்லை.

அவருடைய அக்காள் விழுப்புரத்துக் கல்லறைத் தோட்டத்தில் துயில்கின்றார். 2020ஆம் ஆண்டு கோடையில் வருவதாக அக்காளுக்கு வாக்களித்துப் பயணச்சீட்டும் எடுத்திருந்தார் தங்கை. அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் பன்னாட்டு விமானங்கள் நிறுத்தப்பட்டன. ஜூலையில் அக்காள் இறந்தார். அந்தக் கல்லறையைக் காணும் துணிவு வராமையால் இம்முறையும் ஊர்ப் பெயரையே எடுக்காமல் நாளைக் கடத்திவந்தார். கப்பலின் கடைசி இரவில்தான் மகன்களிடம் வாய் திறந்தாராம்.

மூத்தவர் தியாகராய நகரில் வாங்கவேண்டியவற்றுக்குப் பட்டியல் வைத்திருந்தார். இளையவர் விமானம் தவறிவிடுமோ என்று அஞ்சினார். அக்குடும்பத்தின் பழைய நண்பர் என்ற முறையில் துறைமுகத்துக்குச் சென்றிருந்த நம்மிடம் வழக்கு வந்தது. "சாமி, நீங்களே சொல்லுங்கள்" என்றார் தாயார்.

விமான நிலையம் இருப்பது அதே சாலையில்தான். திரும்பும்போது நகரத்துக்குள் நுழைய வேண்டியதில்லை என்றோம். அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது. பெட்டிகளை வண்டியில் ஏற்றினார்கள்.

தெற்கு நோக்கி

மீனம்பாக்கத்தைக் கடந்து தாம்பரம், செங்கற்பட்டு, பாலாறு, மதுராந்தகம் என்று ஜி.எஸ்.டி. சாலை தெற்கே ஓடுகின்றது. அச்சிறுபாக்கத்தில் சற்றே வேகம் குறைத்தோம். முப்புரம் எரிக்கப் புறப்பட்ட சிவபெருமானின் தேரச்சு இற்று விழுந்த இடம் என்பது ஊர்ப் பெயருக்குச் சொல்லப்படும் புராண விளக்கம். அதைக் கேட்ட இளைய மகன், "நம் வண்டியின் அச்சு இரவு வரை தாங்குமா, ஃபாதர்?" என்றார். வண்டிக்குள் அன்று எழுந்த முதல் சிரிப்பு அது. அவ்வூர்க் குன்றின்மேல் மழை மலை மாதா திருத்தலம் உள்ளது. ஏறிச் செல்ல நேரமில்லை. அன்னையை நோக்கி ஓர் அருள் நிறை மந்திரம் சொல்லி அப்பால் சென்றோம்.

பகல் பன்னிரண்டுக்குச் சற்று முன் திண்டிவனம் சேர்ந்தோம். புளியங்காடு என்று பொருள்படும் 'திந்திரிணி வனம்' என்னும் வடசொல்லே இப்பெயராயிற்று என்பர். சென்னை, புதுவை, செஞ்சி, விழுப்புரம், மரக்காணம் என நாற்புறமும் சாலைகள் பிரியும் ஊர். பேருந்தில் செல்வோர் தேநீர் அருந்த இறங்கி மீண்டும் ஏறும் ஊர் என்றே பலர் இதனை அறிவர்.

சாலையோரத்தில் ஒரு மூதாட்டி வேகவைத்த வேர்க்கடலையைப் படியால் அளந்துகொண்டிருந்தார். "மல்லாட்டை!" என்று தாயார் உரக்கக் கூவினார். தென்னார்க்காட்டார் அதற்கு இட்ட பெயர் அது. அறுபதாண்டுப் பாரிசு வாழ்க்கை அச்சொல்லை அழிக்கவில்லை. இவ்வூர் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் உருவான கடலை வகைகள் 'டி.எம்.வி.' என்ற அடையாளத்தோடு நாடெங்கும் விளைந்தன. அந்த மூன்று எழுத்துகளும் திண்டிவனத்தின் பெயர்ச்சுருக்கமே. கடலைப் பொட்டலத்தைப் பிரித்தபடியே, இவ்வூரின் இன்னொரு விளைச்சலைப் பற்றிப் பேத்திக்குச் சொன்னோம்.

1870இல் இராணிப்பேட்டையில் பிறந்தவர் ஐடா ஸ்கடர். அமெரிக்க மறைப்பணியாளர் குடும்பத்தின் மகள். அந்நாட்டில் கல்வி கற்று, 1890இல் தாயார் நோயுற்றதால் கடல் கடந்து திண்டிவனம் வந்தார். தங்கும் எண்ணம் அவருக்கு இல்லை. தாய் நலமடைந்ததும் திரும்பிச் செல்வதே திட்டம். ஓரிரவு மூவர் ஒருவர்பின் ஒருவராக வந்து அவர் கதவைத் தட்டினர். ஒருவர் பிராமணர், ஒருவர் இசுலாமியர், மற்றவரும் உயர்குல இந்து. மூவர் வீட்டிலும் மனைவியர் பேறுகால வேதனையில் இருந்தனர். மருத்துவர் அவருடைய தந்தையே, ஐடா அல்லர். ஆடவர் ஒருவர் தம் மனைவியைத் தொட அம்மூவரும் உடன்படவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தனர்.

ஐடா அமெரிக்கா திரும்பத்தான் செய்தார். ஆனால் மருத்துவம் கற்பதற்காகத் திரும்பினார். 1899இல் பட்டம் பெற்று, 1900இல் வேலூரில் பணி தொடங்கினார். 1918இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி நிறுவினார். இன்று வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி என்று உலகம் அறியும் நிறுவனம் அந்த இரவில் முளைத்தது. அவர் நம் திருச்சபையைச் சேர்ந்தவரல்லர். ஆயினும் ஏழைக்கு அவர் செய்த பணி ஆண்டவருக்குச் செய்ததே. அக்குடும்பத்தின் பெயரைத் தாங்கிய வால்ட்டர் ஸ்கடர் பள்ளி இன்றும் இவ்வூரில் உள்ளது.

"அவர் ஊருக்குத் திரும்பக் காத்திருந்தவர்தானே, சாமி?" என்று பேத்தி கேட்டாள். ஆம் என்றோம். அதற்குமேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை; கையிலிருந்த கடலையை உண்ணவும் மறந்துபோனாள்.

வண்டி மாறும் ஊர்

மயிலம் பிரிவையும் விக்கிரவாண்டியையும் தாண்டி விழுப்புரம் சேர நாற்பது கிலோமீட்டருக்கு மிகாது. 1993இல் தென்னார்க்காட்டிலிருந்து பிரிந்த மாவட்டத்துக்கு இதுவே தலைநகர். எனினும் தமிழர் நினைவில் விழுப்புரம் என்றால் இருப்புப்பாதைச் சந்திப்புதான். சென்னை, விருத்தாசலம் வழியே திருச்சி, கடலூர் வழியே மயிலாடுதுறை, திருவண்ணாமலை வழியே காட்பாடி, இவற்றோடு புதுச்சேரி என ஐந்து திசைகளுக்கு இங்கிருந்து தண்டவாளம் பிரிகின்றது.

இறந்தவரின் கணவர் இரயில்வேயில் பயர்மேனாகச் சேர்ந்து ஓட்டுநராக ஓய்வு பெற்றவர். எண்பத்தைந்தைக் கடந்தும் நிமிர்ந்து நடக்கின்றார். வாயிலிலேயே நின்றிருந்தார்.

"வாம்மா" என்றார்.

"அத்தான்" என்றார் தாயார். அதற்குமேல் இருவராலும் பேச இயலவில்லை.

கல்லறைத் தோட்டத்துக்கு அனைவரும் சென்றோம். வெள்ளையடித்த சிறு சிலுவை, பெயர், இரண்டு தேதிகள். தாயார் இரண்டாம் தேதியை விரலால் தடவிப் பார்த்தார். "அக்கா, சொன்ன நாளுக்கு வரவில்லையே" என்று சொல்லி அழுதார். மகன்கள் அவரைத் தாங்கிக்கொண்டனர். மெழுகுதிரி ஏற்றி இறந்தோருக்கான செபத்தைச் சொன்னோம்.

செபம் முடிந்ததும் அந்தப் பெரியவர் பேசினார். "நீ வரவில்லை என்று அவளும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. அடுத்த தெருவில் இருந்த என் தம்பியே அடக்கத்துக்கு வரமுடியாத காலம் அது. வழி அடைபட்டிருந்ததற்கு நீ என்ன செய்வாய்? வழி திறந்ததும் வந்துவிட்டாயே." மூன்றாண்டுகளாக ஒரு நெஞ்சில் கிடந்த கல்லை அந்தச் சில சொற்கள் எடுத்துப்போட்டன. குருத்துவக் கல்லூரியில் மறையுரைக் கலையை நாமும் பயின்றோம். அன்று அவர் பேசியதற்கு ஈடாக ஒன்றை நாம் பேசியிருக்க முடியாது.

வீட்டில் சோறும் மீன் குழம்பும் காத்திருந்தன. உண்ணும்போது பெரியவர் தம் இளமைக் காலத்தை நினைவுகூர்ந்தார். 1914இல் பாம்பன் பாலம் திறந்தபின் சென்னை எழும்பூரிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற போட் மெயில் விழுப்புரத்தைத் தொட்டே ஓடியது. தனுஷ்கோடியில் கப்பலேறித் தலைமன்னார் சேர்ந்தால் அங்கிருந்து கொழும்புக்கு வண்டி. 1964 டிசம்பர் 22ஆம் நாளிரவுப் புயல் தனுஷ்கோடியை அழித்ததோடு அத்தொடர்பு அறுந்தது. "கொழும்பிலிருந்து பெட்டிகளோடு வருவார்கள், இங்கே இறங்கிப் புதுவை வண்டிக்கு மாறுவார்கள். இந்த ஊரைப் பார்க்க வேண்டும் என்று இறங்கியவரை நான் கண்டதில்லை. இன்றைக்குத்தான் கப்பலில் வந்தவர்கள் எங்களுக்காகவே இறங்கியிருக்கிறீர்கள்" என்று சிரித்தார்.

மாலை நான்கு மணிக்குப் புறப்பட்டோம். மூத்த மகன் தம் பட்டியலைப் பையிலிருந்து எடுக்கவேயில்லை. பெரியப்பாவின் தொலைபேசி எண்ணை மட்டும் எழுதிக்கொண்டார். கிளாம்பாக்கத்தை அண்டியபோது வாகன நெரிசல் சற்றுத் தடுத்தது. ஆயினும் எட்டு மணிக்குள் மீனம்பாக்கம் சேர்ந்துவிட்டோம். விமானத்துக்கு இன்னும் ஐந்து மணி நேரம் இருந்தது.

புனித பவுல் காட்டிய வழி

நம் முன்னோர் சின்னப்பர் என்று அழைத்த புனித பவுலடியாரின் கடற்பயணத்தை வாசகர் நினைவிற்கொள்ள வேண்டுகின்றோம். கைதியாகக் கப்பலேறி, புயலில் சிக்கி, மால்தாவில் கரையொதுங்கி, இறுதியில் இத்தாலியின் புத்தெயோலித் துறையில் இறங்கினார் அவர். உரோமை இன்னும் தொலைவில் இருந்தது. அங்கே இருந்த சகோதரர்கள் வேண்டிக்கொள்ள, ஏழு நாள் அவர்களோடு தங்கினார் என்று திருத்தூதர் பணிகள் நூலின் 28ஆம் அதிகாரம் கூறுகின்றது. பின்பு சாலைவழியே செல்கையில், உரோமைச் சகோதரர்கள் அப்பியு சந்தை வரை எதிர்கொண்டு வந்தனர். அது நகரிலிருந்து அறுபது கிலோமீட்டருக்கும் அப்பாற்பட்ட இடம். அவர்களைக் கண்டு பவுல் இறைவனுக்கு நன்றி கூறித் துணிவு பெற்றார். கப்பலுக்கும் சென்றடையும் ஊருக்கும் இடைப்பட்ட நாள்களை அப்பெருந்தகை வீணென்று எண்ணவில்லை, உறவுக்குக் கொடுத்தார்.

வெளிநாடுகளிலிருந்து வந்து செல்லும் நம் மக்களுக்கும், அவர்களை வரவேற்கும் குடும்பங்களுக்கும் ஒரு வேண்டுகோள். பயணத் திட்டத்தின் கடைசிப் பகலை வெறுமையாக விடாதீர்கள். பார்க்கவேண்டும் பார்க்கவேண்டும் என்று ஒத்திவைத்த ஒரு முதியவர், ஒரு நோயாளி, ஒரு கல்லறை, மனத்தாங்கலோடு பிரிந்த ஓர் உடன்பிறப்பு எல்லாக் குடும்பத்திலும் உண்டு. பெட்டிகளை முன்னிரவே கட்டி வையுங்கள். கடவுச்சீட்டைக் கையோடு வைத்திருங்கள். திரும்புவதற்கு இரண்டு மணி நேரம் கூடுதலாக ஒதுக்குங்கள். விமான நிலையம் செல்லும் வழியிலேயே அந்த வீடும் இருக்கின்றதா என்று பாருங்கள். பல வேளைகளில் இருக்கும்.

நாம் அனைவருமே ஒருநாள் இவ்வுலகப் பயணத்தின் கடைசிப் பகலில் நிற்போம். கரை சேர்ந்திருப்போம், தந்தையின் இல்லத்துக்கு அழைப்பு இன்னும் வந்திராது. அந்தப் பகலில் செய்யவேண்டியதைச் செய்து பழக, இத்தகைய சிறு பகல்களை ஆண்டவர் நமக்கு முன்னதாகவே தந்தருள்கின்றார். அவற்றை நன்றியோடு பயன்படுத்துவோமாக.