லிங்கி சாலையில் ஐந்து பூதங்கள்

என் காரின் பிளேயரில் ஒரு குறுந்தட்டு சிக்கி இரண்டு வருடமாகிறது. வெளியே வர மறுக்கிறது. மொத்தத்தையும் கழற்ற வேண்டும் என்று பட்டறைக்காரர் சொன்ன விலைக்கு இரண்டு புது டயர் வாங்கலாம். வானொலியைப் போடலாம்தான். ஆனால் பதிவு செய்த நிகழ்ச்சி ஏதாவது போனால் என் குரலை நானே கேட்க வேண்டியிருக்கும். அதனால் என் காரில் யார் ஏறினாலும், பின்லாந்தின் லோர்டி இசைக்குழு 2006இல் வெளியிட்ட 'தி அராக்கலிப்ஸ்' ஆல்பத்தைக் கேட்டே ஆகவேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் பாக்கியம் பாட்டிக்குக் கிடைத்தது. அவருக்கு வயது 78. சிரம்பானிலிருந்து ரந்தாவைத் தாண்டி லிங்கி போகும் வழியில் ஒரு தோட்டத்தில்தான் அவர் பிறந்ததும் பால் வெட்டியதும் என் அம்மாவைப் பெற்றதும். மிச்சமிருக்கும் லயங்களையும் இடிக்கப் போகிறார்களாம். யாரோ சொன்னதைக் கேட்டு, "ஒரு எட்டு பாத்துட்டு வந்துடலாம் பாப்பா" என்று காலையிலேயே சேலை மாற்றி உட்கார்ந்துவிட்டார்.

அந்த ஆல்பம் பாட்டோடு தொடங்காது, செய்தி அறிக்கையோடு தொடங்கும். உலகமே அழிகிற தோரணையில் ஒருவர் வாசிப்பார். அவர் டுவிஸ்டட் சிஸ்டர் குழுவின் பாடகராக இருந்த டீ ஸ்னைடர். அமெரிக்காவில் வானொலி நிகழ்ச்சியும் நடத்தியவர். தொழில் தெரிந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அருமையான வாசிப்பு.

பாட்டி பதறிவிட்டார். "என்ன பாப்பா நியூஸ்ல?"

"உலகம் அழியுதாம் பாட்டி."

"எந்த ஊர்ல?"

"அமெரிக்காவுல."

"அப்ப சரி" என்று வெற்றிலைப் பையைத் திறந்தார்.

இந்த லோர்டிக்காரர்கள் யாரென்று சொல்லிவிடுகிறேன். கொம்பும் பல்லும் நகமுமாக ஐந்து பூதங்கள். தலைவர் மிஸ்டர் லோர்டி, வடதுருவ வட்டத்தை ஒட்டிய ரோவானியெமி ஊர்க்காரர். முகமூடிகளைத் தாமே செய்பவர். யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் பின்லாந்து 1961 முதல் கலந்துகொண்டு ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. அழகழகான ஆட்களையெல்லாம் அனுப்பிப் பார்த்துவிட்டு, 2006இல் ஏதென்ஸுக்கு இந்தப் பூதங்களை அனுப்பினார்கள். 'ஹார்ட் ராக் ஹல்லேலூயா' 292 புள்ளிகளுடன் முதலிடம். அந்தப் பாட்டும் இந்தக் குறுந்தட்டில்தான் இருக்கிறது.

கேட்க எப்படி? பயந்துகொண்டு கேட்பவர்கள் ஏமாந்து போவார்கள். முகமூடிக்குள் இருப்பது எண்பதுகளின் இனிப்பான ராக். இரண்டாவது முறை பல்லவி வரும்போதே உங்கள் கால் தாளம் போடும். வரிகளெல்லாம் ரத்தம், ரம்பம், நரகம். மெட்டு மட்டும் பிறந்தநாள் விருந்துக்கு ஆகும். ஓர் இடத்திலும் 'சும்மா விளையாட்டுக்கு' என்று கண்ணடிக்க மாட்டார்கள். எனக்கு அதுதான் பிடித்தது. 'இட் ஸ்நோஸ் இன் ஹெல்' பாட்டில் விருந்தாளியாகக் கிட்டார் வாசிப்பவர் புரூஸ் குலிக். முகத்தில் சாயம் பூசிப் புகழ்பெற்ற கிஸ் குழு 1983இல் சாயத்தைக் கழுவியது, 1996இல் மறுபடி பூசிக்கொண்டது. நம்மாள் அந்தக் குழுவில் இருந்தது 1984 முதல் 1996 வரை! வேஷம் போடக் கொடுத்து வைக்காதவர் கடைசியில் பூதங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறார்.

ரந்தாவ் தாண்டியதும் இருபுறமும் செம்பனை. பாட்டி காலத்தில் இதெல்லாம் பால்மரக் காடு. அவர் இடம் தேடியது கண்ணால் இல்லை. "ஒரு மேடு ஏறி எறங்கும், அப்புறம் பாலம்" என்று கணக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். மேடு வந்தது, பாலம் வந்தது, மண் சாலையும் வந்தது.

லயத்தில் நான்கு வீடுகளுக்குத்தான் கூரை இருந்தது. பிரட்டுக் களத்தில் லாலான் புல். முனியாண்டி கோயில் மட்டும் புதுச் சாயத்தில் பளபளத்தது. படியில் உட்கார்ந்து ஏதென்ஸ் மேடைக் காட்சியைக் கைப்பேசியில் காட்டினேன். பாட்டி லோர்டியையும் முனியாண்டியையும் மாறிமாறிப் பார்த்தார். "அருவாளுக்குப் பதிலா கோடாலி வச்சிருக்கான். மத்தபடி நம்ம சாமிதான்." பாடகரின் கையிலிருந்தது கோடாலி வடிவ மைக் என்று நான் திருத்தவில்லை.

"அந்த மூஞ்சி எதுல செஞ்சது?"

லேடெக்ஸ், அதாவது நம் ரப்பர் பால். அதை முட்டை அடிப்பதுபோல் நுரை பொங்க அடித்து, அச்சில் ஊற்றி, அடுப்பில் வேகவைத்து இப்படிப்பட்ட முகமூடிகளைச் செய்வார்கள் என்றேன். பாட்டிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நம்ம பாலையா? அம்மோனியா நெடி மூக்கைப் பிடுங்குமே! அதைப் போட்டுக்கிட்டா பாடுறான்?" அந்தக் குழு ஜெயித்தபோது பாட்டி கத்தியைக் கீழே வைத்துப் பத்து வருடத்துக்கு மேலாகியிருந்தது. இருந்தாலும் அந்தக் கணத்திலிருந்து லோர்டி அவருக்குச் சொந்தக்காரன் ஆகிவிட்டான்.

"அவனோட நெஜ மூஞ்சி எப்படி இருக்கும்?"

காட்ட மாட்டார் என்றேன். ஜெயித்த கையோடு ஒரு பத்திரிகை அவர் முகத்தை அச்சிட்டுவிட, பின்லாந்து மக்களுக்கு வந்த கோபத்தில் அது மன்னிப்புக் கேட்டதையும் சொன்னேன். பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை.

"நாங்களும் மூஞ்சியைக் கட்டிக்கிட்டுத்தான் போவோம். கொசு. விடியிறதுக்கு முன்னாடி நெரையில நின்னா யாருன்னே தெரியாது. கங்காணி பேரைக் கூப்பிட்டாத்தான் ஆளு. உள்ள யாரு இருக்கான்னு யாரு கேட்டா?"

பாட்டி வேலை செய்த காலத்துப் படம் ஒன்றுகூட எங்கள் வீட்டில் இல்லை. அடையாள அட்டைப் படம்தான். அதிலும் முறைத்துக்கொண்டிருப்பார். நானோ முகம் காட்டாத தொழிலில் இருக்கிறேன். நேரில் பார்ப்பவர்கள் "குரலுக்கும் ஆளுக்கும் சம்பந்தமே இல்லையே" என்பார்கள். மேக்கப் மிச்சம் என்று சந்தோஷப்பட்டிருக்கிறேனே தவிர, இப்படி யோசித்ததில்லை.

கோயிலுக்குப் பின்னால் எப்படியோ தப்பிய ஒரே ஒரு பால்மரம் நின்றது. பட்டையெல்லாம் பழைய தழும்பு. பாட்டி என் கார் சாவியை வாங்கி, இடது பக்கம் உயர்த்தி வலது பக்கம் இறக்கி, பட்டையைத் தொடாமல் காற்றில் ஒரு கோடு இழுத்தார். கை நடுங்கவில்லை.

படம் எடுக்கலாமா என்றேன். காரிலிருந்த துண்டை எடுத்துவரச் சொல்லி, தலையையும் முகத்தையும் சுற்றிக் கட்டி, கண்ணை மட்டும் விட்டு மரத்தடியில் நின்றார்.

"முகம் தெரியலையே பாட்டி."

"இப்படித்தான் இருந்தேன். எடு."

எடுத்தேன். திரும்பி வந்து காரைக் கிளப்பியதும் டீ ஸ்னைடர் மறுபடி உலக அழிவை வாசிக்கத் தொடங்கினார். பாட்டி முகத்துத் துண்டை அவிழ்க்காமலே கையை நீட்டிச் சத்தத்தைக் கூட்டினார்.