கலாவாவோ: மூன்று ஊர்ப்பெயர்களே எல்லை

ஹவாய்த் தீவுகளில் ஒன்றான மொலோகாயின் வடகரையில், கடலுக்குள் நீண்டு கிடக்கிறது ஒரு தட்டை நிலம். மூன்று பக்கமும் பசிபிக் அலைகள். நான்காம் பக்கம் செங்குத்து மலைச்சுவர், பல இடங்களில் 2,000 அடி உயரம். மேலிருந்து சாலை கிடையாது. 26 திருப்பங்களோடு மலையில் வெட்டிய ஒரு நடைபாதை, சிறு விமானம், கோடையில் வரும் சரக்குப் படகு, இவைதாம் வழி.

இதுதான் கலாவாவோ கவுண்டி. கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற ஒரு நிர்வாகப் பிரிவு. இதன் நிலப்பரப்போ சுமார் 31 சதுர கிலோமீட்டர்தான். 2020 கணக்கெடுப்பில் இங்கிருந்தவர்கள் 82 பேர்.

இதன் எல்லையை ஹவாய்ச் சட்டம் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுகிறது: மொலோகாயில் கலாவுபாபா, கலாவாவோ, வைக்கோலு என்று வழங்கும் பகுதி தனிக் கவுண்டி, அது மவுயி கவுண்டியில் சேராது. தீவின் மற்ற பகுதியெல்லாம் மவுயி கவுண்டியைச் சேர்ந்தது. கலாவாவோவுக்குத் தேர்தலில் வந்த மேயரும் இல்லை, மன்றமும் இல்லை. நிர்வாகம் மாநிலச் சுகாதாரத் துறையின் கையில்.

காரணம் தொழுநோய். நோயாளிகளைத் தனிமைப்படுத்த ஐந்தாம் கமேஹமேஹா மன்னரின் ஆட்சியில் 1865இல் சட்டம் வந்தது. 1866 ஜனவரி 6 அன்று முதல் நோயாளிகள் இங்கே இறக்கிவிடப்பட்டார்கள். அடுத்த நூறு ஆண்டுகளில் சுமார் 8,000 பேர் வந்தார்கள். பெரும்பாலோர் ஹவாய்ப் பூர்விகக் குடிகள். இங்கே பிறந்த பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வெளியே அனுப்பினார்கள். 1873இல் வந்த பாதிரியார் டேமியன், நோயாளிகளோடே வாழ்ந்து, அதே நோய் கண்டு 1889இல் இறந்தார்.

1940களில் மருந்து வந்தது. தனிமைச் சட்டம் நீங்கியதோ 1969இல்தான். போக விரும்பியவர்கள் போகலாம் என்றானபோது, பலர் போகவில்லை. இளமையிலேயே பறித்து வரப்பட்டவர்களுக்கு இதுவே ஊராகி, அக்கம்பக்கமே உறவாகியிருந்தது. அவர்களை அடைத்து வைத்த எல்லையே பிறகு அவர்களுக்குக் காவலானது. இன்றும் அனுமதி இல்லாமல் யாரும் உள்ளே வர முடியாது. 1980இல் இவ்விடம் தேசிய வரலாற்றுப் பூங்காவான பிறகும், அங்கு வாழும் நோயாளிகளின் அமைதிக்கே முதலிடம்.

அவர்கள் இப்போது விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. கடைசி மனிதரும் மறைந்தபின் இந்தக் கவுண்டியை மவுயியோடு சேர்க்க ஒரு சட்டத் திருத்தம் போதும். ஆனால் இங்கே புதைந்த ஆயிரக்கணக்கானோரில் பெரும்பாலோருக்குப் பெயர்க்கல் கூட இல்லை. அவர்கள் அனைவரின் பெயர்களையும் பொறிக்கும் நினைவிடத்துக்கு 2009இல் அமெரிக்க நாடாளுமன்றம் வழிவகுத்தது. இந்த எல்லைக்கோட்டை அழிப்பதற்கு முன் அந்தப் பெயர்களைக் கல்லில் எழுதிவிட வேண்டும். இந்த மண்ணுக்கு அதுவே முதற்கடன்.